எங்கள் பகுதி அங்கன்வாடி: சோற்றுக்கு முழு மதிப்பெண், பாடத்துக்குப் பாதி

மூன்று வயது மகளை நர்சரிப் பள்ளியில் சேர்க்காமல் அங்கன்வாடிக்கு அனுப்புகிறோம் என்றால், "ஏன், ஏதாவது பணக் கஷ்டமா?" என்று கேட்பவர்கள் எங்கள் ஊரில் இன்றும் இருக்கிறார்கள். எங்களுக்கு அப்படி நெருக்கடி எதுவும் இல்லை. வரிப்பணத்தில் நடக்கும் ஒரு சேவை தெருமுனையிலேயே இருக்கும்போது, பயன்படுத்திப் பார்க்காமல் அதைக் குறை சொல்வது நியாயமில்லை என்று தோன்றியது, அவ்வளவுதான். தமிழ்நாட்டில் இத்தகைய மையங்கள் 54,000க்கும் மேல் உள்ளன. நான் எழுதுவது அவற்றில் ஒன்றைப் பற்றி மட்டுமே.

உணவில் குறை சொல்ல ஏதுமில்லை. மதியம் சூடாகக் கலவை சாதம், வாரத்தில் மூன்று நாள் முட்டை, அதோடு சத்துமாவு. ஆயா முட்டையை உரித்து, கீறி, மஞ்சள் கருவை ஒதுக்கும் பிள்ளைகளுக்கு அதைச் சோற்றோடு பிசைந்து உருண்டையாக்கிக் கையில் வைப்பார். வீட்டில் முட்டையைக் கண்டாலே முகம் சுளித்த எங்கள் மகள் இப்போது அங்கே மிச்சம் வைப்பதில்லை. 2017இல் மத்திய அரசு வகுத்த அளவுகோலின்படி ஒரு குழந்தையின் ஊட்டச்சத்து உணவுக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய், அதாவது இன்று ஒரு டீ குடிக்கக்கூடப் போதாத தொகை, என்பதை அறிந்தபோதுதான் அந்தத் தட்டின் மேல் எனக்கு மரியாதை கூடியது. 1982இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவுத் திட்டம் தொடக்கத்திலேயே பள்ளி வயதை எட்டாத குழந்தைகளையும் சேர்த்துக்கொண்டது. பிள்ளைக்கு அரசு சோறு போடுவதை இங்கே யாரும் வீண் செலவு என்று சொல்லாததற்கு அந்த நீண்ட பழக்கமும் ஒரு காரணம்.

பாடத்தில்தான் சேவை தடுமாறுகிறது. 'ஆடிப்பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் பாட்டும் கதையும் விளையாட்டுமாக அந்த வயதுக்குப் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது. ஆனால் அதை நடத்த வேண்டிய டீச்சர்தான் எடை, உயரம் பார்த்துச் செயலியில் பதிய வேண்டும், கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு வழங்க வேண்டும், தடுப்பூசி நாளை வீடு வீடாக நினைவூட்ட வேண்டும். செயலி நின்றுபோகும் நாளில் அவர் கைப்பேசியோடு மல்லுக்கட்டுவார். பிள்ளைகள் அதே பாட்டை ஆயாவோடு மறுபடியும் மறுபடியும் பாடிக்கொண்டிருப்பார்கள். கழிப்பறையின் தாழ்ப்பாள் நாங்கள் சேர்ந்த நாளிலிருந்தே உடைந்துதான் கிடக்கிறது.

வாசலில் காத்திருக்கும் தாய்மார்களின் கருத்தும் ஏறக்குறைய இதுவே. "மூணு வயசு வரைக்கும் பால்வாடி, அப்புறம் இங்கிலீஷ் மீடியம்" என்று ஒருவர் சொன்னதை மற்றவர்கள் மறுக்கவில்லை. இதை அரசுப் பணம் வேண்டாம் என்பதாக எடுத்துக்கொண்டால் தவறு. 2019 ஜனவரியில் 2,381 அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன, 2022 ஜூனில் அவற்றின் ஆசிரியர்களைத் தொடக்க வகுப்புகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாகச் செய்தி வந்ததும் பெற்றோரிடமிருந்தும் கட்சிகளிடமிருந்தும் எதிர்ப்பு கிளம்பி, சில நாட்களிலேயே வகுப்புகள் தொடரும் என்று அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. அரசு செலவழிக்க வேண்டும், அந்தச் செலவு வகுப்பறையில் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

தனியார் பள்ளிகளில் நலிந்த பிரிவுக் குழந்தைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் எல்.கே.ஜி. இடத்துக்குத்தான் பெற்றோர் போட்டி போடுகிறார்கள். அந்தக் கட்டணத்தைத் தனியார் பள்ளிக்கு அரசே செலுத்துகிறது. அரசுப் பணத்தில் பக்கத்துத் தெரு நர்சரியில் ஒரு பிள்ளை உட்காரலாம் என்றால், இந்த மையத்துக்கு இரண்டாவதாக ஓர் ஆசிரியரை ஏன் தரக்கூடாது? 2009ஆம் ஆண்டின் அதே கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியைத்தான் உரிமையாக்கியது; மூன்று வயதுக் குழந்தைக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்பதோடு நின்றுவிட்டது. அந்த ஒரு தளர்வு இருக்கும்வரை, நிதி இறுகும்போது முதலில் கைவைக்கப்படும் இடமாகவே மழலையர் வகுப்பு இருக்கும் என்பது என் கணிப்பு.

இரண்டரை, மூன்று வயதுப் பிள்ளைக்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நான்கு வயதானவர்களுக்கு, அருகிலுள்ள நடுநிலைப் பள்ளி வளாகத்தில் அரசு எல்.கே.ஜி. நடக்கிறதா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்; வரும் ஜூனில் நாங்களும் அங்கேதான் விண்ணப்பிக்கவிருக்கிறோம். அங்கன்வாடியில் சேர்க்கக் கட்டணம் கிடையாது. எங்களிடம் கேட்டது தடுப்பூசி அட்டையும் ஆதார் எண்ணும் மட்டுமே. மாற்று உடை ஒன்றைப் பையில் போட்டு அனுப்புவது நல்லது.