கூண்டுப் பழக்கம் என்று நாய்க்குட்டியை விடுதியில் விட்டேன், ₹12,500 போச்சு

நேற்று சாயங்காலம்தான் குட்டியைக் கூட்டி வந்தோம். ராத்திரி யாரும் தூங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

நாங்கள் காவேரிப்பட்டணம். ஜூலி இரண்டரை மாத லாப்ரடார் குட்டி. நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். ஜூலி ஒயரைக் கடிக்கிறது, கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது. கூண்டில் இருக்கப் பழக்கினால் சரியாகும் என்றார்கள். ஓசூர் பக்கம், தங்க வைத்துப் பழக்கும் ஒரு விடுதி. 10 நாளைக்கு 12,500 ரூபாய், முழுப் பணமும் முன்னாடியே.

நாங்கள் போன அன்று, அங்கே பழக்குகிற ஆள் தரையில் உட்கார்ந்தார். வேகவைத்த கோழித்துண்டு ஒன்றைக் கூண்டு வாசலில் வைத்தார், அடுத்ததைக் கொஞ்சம் உள்ளே. ஜூலி தானாகவே உள்ளே போய்த் தின்றது. கதவை அவர் தொடவே இல்லை. "அவசரமே கூடாதுண்ணா. முதல்ல கதவு திறந்தே இருக்கணும், சாப்பாடு உள்ளேயே வைக்கணும். அப்புறம்தான் ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்னு சாத்தணும்" என்றார். முறை அதுதான், அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதில்தான் விழுந்தேன். என் மகளிடம் "பாப்பா, பத்தே நாள், உன் ஜூலி தானா போய் கூண்டுல தூங்கும்" என்றார். அங்கேயே ஜிபே பண்ணினேன்.

தினமும் வீடியோ அனுப்புவதாகப் பேச்சு. இரண்டு நாள் வந்தது. மூன்றாம் நாள் "பையன் லீவுண்ணா". ஐந்தாம் நாள் வந்ததில் அதே நீலத் துண்டு, அதே மடிப்பு. முதல் நாள் எடுத்ததையே வெட்டி அனுப்பியிருக்கிறார்கள். நேரில் வரட்டுமா என்றால், "உங்களைப் பார்த்தா ட்ரெயினிங் கெட்டுடும்".

திரும்பி வந்த ஜூலிக்கு மூக்கின் மேல் தோல் உரிந்திருக்கிறது, கம்பியில் முட்டி முட்டி. அடிவயிற்றில் மூத்திரம் பட்டுப் பட்டு வெந்த புண். எங்கள் வீட்டுக் கூண்டின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதுமே கட்டிலுக்கடியில் போய் நடுங்குகிறது. காலையில் கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு, மணிக்கணக்கில் பூட்டியே வைத்திருக்கிறார்கள் என்றார். இந்த வயதுக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் அடக்காது. படுக்கிற இடத்தை அசிங்கம் பண்ணக் கூடாது என்று குட்டிக்கே ஒரு குணம் உண்டு, கூண்டுப் பழக்கமே அதை நம்பித்தான். அதைக் கெடுத்து அனுப்ப 12,500 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள்!

போன் செய்தால் "உங்க குட்டிக்குப் பிடிவாதம் ஜாஸ்தி". அடுத்த தடவை "ஓனர் ஊர்ல இல்ல". அப்புறம் "இன்னும் 5 நாள் விடுங்க, 6,000 கொடுத்தா போதும்". ரசீது கேட்டால் "ஜிபே பண்ணதே ரசீதுதானே". இப்போது எடுப்பதே இல்லை.

குட்டி வைத்திருப்பவர்களுக்கு விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை. முழுப் பணத்தையும் முன்னாடி கொடுக்காதீர்கள். ரசீது வாங்குங்கள். சொல்லாமல் ஒரு நாள் போய் நில்லுங்கள், உள்ளே விடவில்லை என்றால் அன்றைக்கே கூட்டி வந்துவிடுங்கள். கூண்டில் குட்டி நிற்க, திரும்ப, கால் நீட்டிப் படுக்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நானும் புகார் கொடுக்கப் போகிறேன்.

கூண்டின் கதவைக் கழற்றி மாடியில் வைத்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டு இப்போது கூண்டிலிருந்து நாலடி தள்ளி இருக்கிறது. அதற்கே ஜூலி இன்னும் வரவில்லை.