ஒரு வருட இலவச நுழைவு: பிள்ளைகளுக்கு உண்டு, அம்மாவுக்கு இல்லை

சின்னம்மாவின் மகள் போன மாதம்தான் கனடாவின் ரொறொன்ரோ நகரத்து ஸ்கார்பரோவில் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் எடுத்தாள். மறுநாளே தொலைபேசியில் கேட்டாள்: "அக்கா, அந்தக் கனூ செயலியைப் போட்டு வைப்பதில் ஏதும் பிரயோசனம் உண்டா? நீங்கள் ஒரு வருடம் முழுக்கப் பாவித்தீர்களே." அவளுக்குச் சொன்ன பதில் நீண்டுவிட்டது. அதே கேள்வியோடு இன்னும் பலர் இருப்பார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

செயலி எப்படி வேலை செய்கிறது என்பதில் சொல்ல அதிகம் இல்லை. கனூ (Canoo) என்பது கனடாவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கு இலவச நுழைவு தரும் கைபேசிச் செயலி. புதிய குடிமக்கள் பதிந்துகொண்டால் ஒரு வருடம் பாவிக்கலாம். நிரந்தர வதிவுரிமை பெற்று ஐந்து வருடத்துக்கு உட்பட்டவர்களும் 2022 முதல் பதியலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேர்வரை உங்களோடு சேர்க்கலாம். வாசலில் கைபேசியைக் காட்டினால் நூதனசாலை, கலைக்கூடம், தாவரவியற் பூங்கா, தேசியப் பூங்கா என்று நாடு முழுவதும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இடங்களுக்குள் பணம் கட்டாமல் போகலாம்.

இதைத் தொடங்கியவர் யார் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அட்ரியன் கிளார்க்சன் 1942-இல் ஹொங்கொங்கிலிருந்து அகதிக் குழந்தையாகக் கனடாவுக்கு வந்தவர். 1999 முதல் 2005 வரை இந்த நாட்டின் ஆளுநர் நாயகமாக இருந்தார். பதவி முடிந்ததும் கணவர் ஜோன் ரால்ஸ்டன் சோலுடன் சேர்ந்து கனேடியக் குடியுரிமை நிறுவனத்தை அமைத்தார். அந்த நிறுவனம் 2008-இல் காகித அட்டையாகத் தொடங்கிய இலவச நுழைவுதான் இன்று செயலியாகியிருக்கிறது. வந்து இறங்கியவர்களுக்கு வேலையும் வீடும் மட்டும் போதாது, நாட்டின் நல்ல இடங்களுக்குள் கூச்சமில்லாமல் நுழையும் பழக்கமும் வேண்டும் என்று அகதியாக வந்த ஒருவர்தான் நினைத்திருக்க முடியும். இந்த எண்ணத்துக்காக அவருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன். கீழே நான் கோபப்படும் இடங்களையும் அந்த நன்றியோடு சேர்த்தே வாசியுங்கள்.

நான் எதிர்பாராத சந்தோஷம் எது என்றால், அரை மணித்தியாலத்தில் வெளியே வரலாம் என்பதுதான். பணம் கொடுத்துப் போகும்போது எங்கள் வீட்டில் நடப்பது வேறு. குடும்பமாக ஒரு பெரிய நூதனசாலைக்குள் நுழையும் செலவு, வாரத்து மரக்கறியும் மீனும் வாங்கும் செலவுக்குக் கிட்ட வரும். அவ்வளவு கொடுத்தபின் ஒரு மண்டபத்தையும் விட மனம் வராது. பிள்ளை கால் வலிக்கிறது என்று அழுதாலும் இழுத்துக்கொண்டு நடப்போம். மாலையில் எல்லோரும் களைத்து, ஒருவரோடு ஒருவர் கோபித்துக்கொண்டு வீடு திரும்புவோம். பார்த்தது ஒன்றும் மனதில் நிற்காது. இலவசமானதும் அந்த நெருக்கடி அப்படியே போய்விட்டது. இன்றைக்கு டைனோசர் மட்டும், அடுத்த முறை சீன மண்டபம் மட்டும் என்று போனோம். இந்த நகரத்தில் வசதியான குடும்பங்கள் காலங்காலமாக அப்படித்தான் நூதனசாலைக்குப் போய் வருகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கும் அது ஒரு வருடம் வாய்த்தது.

ரோயல் ஒன்ராறியோ நூதனசாலையில் மாடிப்படிகளின் நடுவே மேற்குக் கரைப் பழங்குடியினரின் மரத் தூண்கள் நிற்கின்றன. நிஸ்கா மக்களின் தூண் ஒன்று 24 மீற்றருக்கு மேல் உயரம். படி சுற்றிச் சுற்றி ஏறுவதால், ஒவ்வொரு தளத்திலும் அதன் ஒவ்வொரு பகுதி முகத்துக்கு நேரே வருகிறது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியாத பறவையின் அலகும் மனித முகமும் மேலே போனால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். எங்கள் மகன் ஒவ்வொரு முறையும் ஒரு தளத்தில் நின்று வரைந்துகொண்டு வந்தான். 2021-இல் சத்தியப்பிரமாண வாசகத்தை மாற்றினார்கள். கனடாவின் பழங்குடியினரான முதற்குடிகள், இனுயிற், மேற்றி மக்களின் உரிமைகளையும் உடன்படிக்கை உரிமைகளையும் அங்கீகரிக்கும் அரசியலமைப்பு உட்பட நாட்டின் சட்டங்களைக் கடைப்பிடிப்பேன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறோம். கையை உயர்த்தி அதைச் சொன்னபோது அந்த மக்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது பரீட்சைக் கையேட்டில் வாசித்த சில பத்திகள் மட்டுமே. யாருடைய உரிமையைப் பற்றிச் சத்தியம் செய்தேன் என்பதை அந்தப் படிகளில் நின்றுதான் கொஞ்சமாவது உணர்ந்தேன்.

இன்னொரு இடத்தையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் யார் வந்தாலும் நாங்கள் அவர்களை நயாகரா அருவிக்குக் கூட்டிப்போகிறோம். படம் எடுக்கிறோம், கட்டிக்கொண்டு போன புளிச்சாதத்தைச் சாப்பிடுகிறோம், திரும்பி வருகிறோம். அங்கிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாத தூரத்தில் ஜோர்ஜ் கோட்டை இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்தவரை எங்கள் ஆட்கள் யாரும் போனதில்லை. தேசியப் பூங்கா நிர்வாகத்தின் கீழ் வரும் இடம் என்பதால் செயலியைக் காட்டினால் போதும். பதினேழு வயதும் அதற்குக் குறைந்தவர்களும் 2018 முதல் அந்த நிர்வாகத்தின் இடங்களுக்கு எப்படியும் இலவசம்தான். அமெரிக்காவுடன் நடந்த 1812-ஆம் ஆண்டுப் போரும், அதில் போரிட்ட பிரித்தானியத் தளபதி ஜெனரல் புரொக்கும், பழங்குடித் தலைவர் தெகும்சேயும் குடியுரிமைப் பரீட்சைக்காக நாங்கள் பாடமாக்கிய பெயர்கள். இருபது கேள்வியில் பதினைந்து சரியாக வேண்டும் என்ற பதற்றத்தில் படித்ததைப் பரீட்சை முடிந்த மாலையே மறந்தோம். குயின்ஸ்ரன் மேட்டில் இறந்த புரொக்கை முதலில் புதைத்தது அந்தக் கோட்டையில்தான். சிவப்பு மேலங்கி அணிந்தவர் துப்பாக்கியில் மருந்தை இடித்துச் சுட்டுக் காட்டிய சத்தத்தில் எங்கள் சின்னவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆற்றுக்கு அப்பால் தெரியும் கரை அமெரிக்கா. எல்லைக்கு இவ்வளவு அருகில் நின்று பார்த்தபின், அந்தப் போர் ஏன் நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

சின்னச் சின்ன எரிச்சல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிறப்புக் கண்காட்சிகளுக்குப் பல இடங்களில் தனியாகக் கட்ட வேண்டும். கார் நிறுத்தும் கட்டணம் உங்கள் தலையில்தான். ஸ்கார்பரோ ரயில் 2023 ஜூலையில் தடம் புரண்டு நிரந்தரமாக நின்றுபோனதால், எங்கள் பக்கத்திலிருந்து நகர மையத்துக்குப் பஸ்ஸும் சுரங்க ரயிலுமாக நீண்ட பயணம். பன்னிரண்டு வயதுவரையான பிள்ளைகளுக்குப் பஸ் இலவசம் என்பது ஒரு ஆறுதல். புதிதாக வந்தவர்கள் செறிந்து வாழும் பிளெமிங்டன் பார்க், தோர்ன்கிளிவ் பார்க் குடியிருப்புப் பகுதி மக்களுக்கு நடை தூரத்தில் இருந்த ஒன்ராறியோ விஞ்ஞான மையத்தையும், கூரைப் பலகைகளைக் காரணம் காட்டி 2024 ஜூனில் ஒரே நாளில் மூடிவிட்டார்கள். அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஆனால் என்னை ஒரு வருடமும் விடாமல் குடைந்தது இவை எதுவும் இல்லை.

குடியுரிமை எடுக்கும் வயதில் எங்கள் வாழ்க்கை எப்படி இருக்கிறது? கணவர் இரவு வேலை. எனக்குப் பகல் வேலை, சனிக்கிழமைகளிலும் பாதி நாள். பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு, நீச்சல் வகுப்பு. நூதனசாலைக்குப் போக நேரம் உள்ளவர் வீட்டில் ஒருவர்தான், என் அம்மா. பிள்ளைகளைப் பார்க்கவென்று, பெற்றோர் நீண்ட காலம் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவில் வந்தவர். பாடசாலை விடுமுறையில், மழை நாளில், நான் வேலையில் நிற்கும் நேரத்தில் பிள்ளைகளோடு இருப்பவர். வடமராட்சியில் முப்பது வருடத்துக்கு மேல் சமூகக்கல்வி படிப்பித்த ஆசிரியை. ஒரு கல்வெட்டைக் கண்டால் முழுதும் வாசித்துவிட்டுத்தான் நகர்வார். எங்கள் வீட்டில் நூதனசாலைக்கென்றே பிறந்தவர் இருக்கிறார் என்றால் அவர்தான். அவருக்கு இந்தச் சலுகையில் இடமில்லை.

ஒரு பெரிய நூதனசாலையின் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம் என்பது வேண்டாம். எனக்கும் பிள்ளைகளுக்கும் கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சீட்டுத் தந்தார்கள். அம்மாவுக்கு முதியோர் கட்டணம் சொன்னார்கள். அம்மா அந்தத் தொகையை மனதுக்குள் ரூபாயாக மாற்றுவது அவர் முகத்தில் தெரிந்தது. "நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், நான் இந்த வாங்கில் இருக்கிறேன், கால் உளைகிறது" என்றார். காசைக் கட்டி உள்ளே கூட்டிப்போனேன். ஆனால் தன்னால்தான் செலவு என்ற எண்ணம் அவரை விட்டு அகலவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் எங்கே புறப்பட்டாலும் அவருக்குக் கால் உளைந்தது. காணியைப் பற்றிப் பேசும்போதும் கோவிலுக்குப் போகும்போதும் அந்தக் கால் உளைந்ததில்லை.

நியாயமாகவும் யோசித்துப் பார்க்கிறேன். கனூவை நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். நுழைவைத் தருபவை அந்தந்த நூதனசாலைகள். அவை நுழைவுக் கட்டணத்தை நம்பி இருப்பவை. வருகிற விருந்தினர் எல்லோரையும் இலவசமாக விட்டால் சுற்றுலாப் பயணிக்கும் எங்களுக்கும் வித்தியாசம் இராது. திட்டமே புதிய குடிமக்களுக்கும் நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் ஆனது, அம்மா இரண்டும் இல்லை. இதெல்லாம் சரி. ஆனால் சுப்பர் விசாக்காரர் இரண்டு கிழமை சுற்றிப் பார்க்க வருபவர் இல்லை. 2022-இலிருந்து ஒரு முறை வந்தால் ஐந்து வருடம்வரை தங்கலாம் என்று இந்த நாடே சொல்கிறது. அதற்காகக் குறைந்தது ஒரு இலட்சம் டொலருக்கான மருத்துவக் காப்புறுதியை நாங்கள் எங்கள் கைக்காசில் வாங்குகிறோம். அவர் பிள்ளைகளைப் பார்ப்பதால்தான் நானும் கணவரும் வேலைக்குப் போய் வரி கட்டுகிறோம். புதிய குடிமகனின் குடும்பம் என்று எழுதும்போது தாயும் தகப்பனும் பிள்ளைகளும் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தார்களா? எங்கள் வீடுகள் அப்படி இல்லை. எங்கள் வீடுகள் மட்டுமா? எங்கள் தெருவில் உள்ள பஞ்சாபி வீட்டிலும் பிலிப்பினோ வீட்டிலும் சீன வீட்டிலும் பிள்ளைகளைப் பஸ் தரிப்பிடத்தில் இருந்து கூட்டி வருபவர்கள் பாட்டன் பாட்டிகள்தான்.

நான் பெரிதாக எதையும் கேட்கவில்லை. நான்கு பிள்ளைகளைச் சேர்க்க இடம் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள்தான். மீதி இரண்டு இடத்தில் ஒன்றை, கூட்டம் குறைந்த கிழமை நாட்களில் மட்டுமாவது, கூட வாழும் பாட்டிக்குத் தரட்டும். அதனால் எந்த நூதனசாலையும் நட்டப்படப் போவதில்லை.

கடைசியில் அம்மாவைக் கௌரவமாக உள்ளே கூட்டிப்போனது ரொறொன்ரோ பொது நூலகம். நூலக அட்டை இருந்தால் நூதனசாலைகளுக்கான குடும்ப அனுமதிச்சீட்டை இலவசமாக எடுக்கலாம். எண்ணிக்கை மட்டானது, விரும்பிய நாள் எப்போதும் கிடைக்காது, காத்திருக்க வேண்டும். ஆனால் யாரும் விசாவைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த நகரத்தில் வசிக்கும் எவருக்கும் நூலக அட்டை இலவசம். அந்தச் சீட்டில் அம்மாவும் பெரியவர்களில் ஒருவராகப் போனார். எங்களைப் போலவே அவரும் ஒன்றும் கட்டவில்லை என்று தெரிந்ததும் நடையே மாறிவிட்டது. நிஸ்கா தூணின் முன்னால் நின்று அறிவித்தலை முழுதும் வாசித்தார். ஒரு குடும்பத்தின் பரம்பரைக் கதையைத்தான் இப்படிச் செதுக்குவார்கள் என்று பேரனுக்கு விளக்கினார். பிறகு என்னிடம் திரும்பி, "இது அவர்களின் ஊரில் அல்லவா நிற்க வேண்டும், இங்கே யார் கொண்டு வந்தது?" என்று கேட்டார். அத்தனை முறை போன எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. 2023-இல் ஸ்கொட்லாந்தின் தேசிய நூதனசாலை தன்னிடம் இருந்த நிஸ்கா தூண் ஒன்றை அந்த மக்களிடமே திருப்பிக் கொடுத்த செய்தியை அன்றிரவு தேடி வாசித்து அவருக்குச் சொன்னேன். அன்றைக்குப் பிள்ளைகள் கற்றது நான் கூட்டிப்போன நாட்களில் கற்றதைவிட அதிகம். இப்படிப்பட்டவரைத்தான் வாசலில் நிறுத்தி வைத்திருந்தோம்.

தங்கைக்கு என் பதில் இதுதான். இன்றைக்கே எடுத்து வை, யோசிக்காதே. பனி கரைந்ததும் முதல் வேலையாக ஜோர்ஜ் கோட்டைக்குப் போ, பிறகு பிள்ளைகள் கேட்கும் இடத்துக்கெல்லாம் போ, சலித்தால் அரை மணியில் திரும்பி வா. இவ்வளவு பயன் தந்த ஒன்றுக்கு நான் நல்ல மதிப்பெண் போட வேண்டும். போட மனம் வரவில்லை. ஐந்தில் இரண்டுதான் தருவேன், குறைத்த அந்த மூன்றும் அம்மா வாங்கில் இருந்த நேரத்துக்கு. உன் மாமியார் தையில் வருகிறார் என்றாய். அவர் வருமுன் நூலகத்தில் உனக்கொரு அட்டை எடுத்துவிடு. அவர் பெயரிலும் ஒன்று எடுக்கலாம், பெயருக்கும் விலாசத்துக்கும் அத்தாட்சியைக் கையோடு கொண்டு போ.