மூன்றால் வகுத்தால் மாத லாபம் வந்துவிடுமா?

கார் கம்பெனிகளின் லாபத்தை ஒரு வருஷத்துக்கு மாதாமாதம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் என்று விளம்பரம் செய்த ஒரு செயலிக்குச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம். பார்க்க அழகுதான், கம்பெனிக்கு ஒரு நிறத்தில் பட்டைகள், தட்டினால் டாலர் யென்னாக மாறுகிறது, யென் யூரோவாக மாறுகிறது.

டெஸ்லாவின் 2023-ஐத் திறந்தபோதுதான் உறுத்தியது. அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று பட்டையும் ரசமட்டம் வைத்துக் கட்டியதுபோல ஒரே உயரம். எந்தக் கம்பெனி மூன்று மாதமும் பைசா பிசகாமல் சம்பாதிக்கும்? விஷயம் என்னவென்றால், இந்தப் பெரிய கம்பெனிகள் லாபக் கணக்கைக் காலாண்டுக்கு ஒருமுறைதான் வெளியிடுகின்றன, மாதாமாதம் வருவதெல்லாம் எத்தனை வண்டி விற்றது என்ற எண்ணிக்கை, டெஸ்லா அதைக்கூடக் காலாண்டுக்குத்தான் சொல்கிறது. செயலி மொத்தத் தொகையை மூன்றால் வகுத்து ஆளுக்கொரு பங்கு போட்டிருக்கிறது. அந்தக் காலாண்டின் நிகர லாபம் சுமார் 790 கோடி டாலர், அதில் 590 கோடி வரிக் கணக்கில் ஒரே ஒருமுறை எழுதிக்கொண்ட வரவு, ரொக்கமாகக் கைக்கு வந்ததுகூட இல்லை. கழித்தால் மிஞ்சுவது 200 கோடி. இதைச் சொல்ல ஒரு நட்சத்திரக்குறிகூடப் போடவில்லை.

சரி, டொயோட்டாவாவது ஒழுங்காக இருக்கும் என்று போனால் அது இன்னும் மோசம். அவர்கள் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. செயலி ‘முதல் காலாண்டு’ என்ற பெயரை மட்டும் பார்த்து அதை ஜனவரியில் உட்காரவைத்துவிட்டது. 2023 ஏப்ரல் முதல் ஜூன் வரை டொயோட்டாவின் செயல்பாட்டு லாபம் ஒரு காலாண்டில் முதல்முறையாக 1 லட்சம் கோடி யென்னைத் தாண்டியது, இங்கே அந்த உயரமான பட்டைகள் மார்ச்சோடு முடிந்துவிடுகின்றன. அப்புறம் இன்னொன்று, டொயோட்டாவுக்கு எடுத்தது செயல்பாட்டு லாபம், டெஸ்லாவுக்கு எடுத்தது நிகர லாபம். வரி கட்டுவதற்கு முந்தைய தொகையையும் கட்டியபின் மிஞ்சியதையும் ஒரே தராசில் வைத்தால் ஜெயிப்பது யார் என்று கேட்கவே வேண்டாம்.

ஃபோர்டு பக்கம் மட்டும் நன்றாகச் செய்திருக்கிறார்கள். 2023-இல் மின்சாரக் கார் பிரிவு 470 கோடி டாலர் நஷ்டம், வணிக வாகனப் பிரிவு 720 கோடி லாபம் என்று பிரிவுவாரியாகக் காட்டுகிறது, மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

புகார் எழுதினேன். ‘மாதவாரி மதிப்பீடு’ என்று பதில் வந்தது. அந்த வார்த்தை செயலியில் எங்கும் இல்லையே என்று திரும்பக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. 5-க்கு 2, அந்த இரண்டும் ஃபோர்டு பக்கத்துக்கு.