பழைய அலுமாரிக்கு உலர் பிரஷ் பூச்சு: எமல்ஷனா, எனாமலா?

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுத் தேக்குத் தளபாடங்களில், தண்ணீரில் கரைக்கும் பெயின்டான எமல்ஷன், எண்ணெய்ப் பெயின்டான எனாமல் இரண்டையும் பூசிப் பார்த்தேன்.

கைப்பழக்கம்: எமல்ஷன்தான் லேசு. பிரஷ் நுனியில் தொட்டு, பழைய சாரத்துண்டில் பெயின்ட் ஏறக்குறையத் தீரும்வரை துடைத்து, மரத்தில் பட்டும் படாமலும் இழுத்தால் செதுக்கல் மேடுகளில் மட்டும் வெள்ளை ஏறும். பள்ளங்களில் தேக்கின் நிறம் அப்படியே நிற்கும். பிழைத்தால் உடனே ஈரத்துணியால் துடைக்கலாம். எனாமல் காய மணிக்கணக்காகும், மாரியில் இன்னும் இழுக்கும்.

செலவு: எமல்ஷன் பிரஷைக் கழுவத் தண்ணீர் போதும், எனாமலுக்குத் தின்னர் வாங்கவேணும்.

நின்றுபிடிப்பது: எனாமல். வாவிக்காற்றும் தூவானமும் படுகிற விறாந்தைக் கதிரைக்கு அதையே பூசுங்கள்.

அறைக்குள் நிற்கும் அலுமாரிக்கும் செதுக்கல் கட்டிலுக்கும் எமல்ஷன், மேலே ஒரு வார்னிஷ். பழைய பளபளப்பை சாண்ட் பேப்பரால் தேய்த்த பிறகே தொடங்குங்கள், இல்லாவிட்டால் உரிந்துவிடும்.