ஸ்டீல்ஹெட் லீடர்: ஆறு பவுண்டா, எட்டா, பத்தா?

ஸ்டீல்ஹெட் மீன் பிடிக்க, கொக்கிக்கு முன்னால் கட்டும் லீடர் தங்கூசி எத்தனை பவுண்டு இழுவை தாங்க வேண்டும் என்று கேட்டால், நான் எட்டுப் பவுண்டுக் கட்சி. ஆனால் ரொறன்ரோவுக்கு மேற்கே கிரெடிட் ஆற்றங்கரையில் வரிசையாக நிற்கும் நாலு பேரைக் கேட்டால் நாலு எண் வரும். அந்த நாலும் சரியாக இருக்கிற நாட்களும் உண்டு. எந்தத் தண்ணீருக்கு எந்த எண் என்பதில்தான் வித்தியாசம்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் அடிப்படை. ஸ்டீல்ஹெட் என்பது ரெயின்போ ட்ரவுட்டேதான். ஆற்றில் பிறந்து, கடலுக்கோ பெரிய ஏரிக்கோ போய் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்புகிற வகை. பசிபிக் கரைதான் அதன் சொந்த இடம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட அமெரிக்கப் பேரேரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். இப்போது ரொறன்ரோவுக்குக் கிழக்கே போர்ட் ஹோப்பில், கனராஸ்கா ஆற்றின் கோர்பெட் அணையில், மீன்கள் துள்ளி ஏறுவதைப் பார்க்க வசந்த காலத்தில் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வருகிறார்கள்.

லீடர் என்பது, ரீலில் சுற்றியிருக்கும் மெயின் லைனின் நுனியில், கொக்கிக்கு முன்னால் கட்டும் ஒன்றரை இரண்டு அடித் தங்கூசி. அது மெயின் லைனைவிடப் பலம் குறைந்ததாக இருக்க வேண்டும், இதில் விவாதமே இல்லை. கொக்கி பாறை இடுக்கில் மாட்டினால் லீடர் மட்டும் அறும். மிதப்பும் ஈயமும் மிஞ்சும். அதைவிட முக்கியம், பத்து மீட்டர் தங்கூசி ஆற்றில் கிடந்து வாத்தின் காலில் சுற்றாது. ஆக மெயின் லைன் பத்து என்றால் லீடர் எட்டு அல்லது ஆறு. லீடர் பத்து வேண்டுமென்றால் மெயின் லைன் பன்னிரண்டுக்குப் போக வேண்டும்.

அடுத்து எல்லோருக்கும் வரும் சந்தேகம்: மீன் பத்துப் பவுண்டு, லீடர் ஆறு பவுண்டு, எப்படித் தாங்கும்? தண்ணீருக்குள் மீனின் எடையை நாம் தூக்குவதில்லை. லீடர் தாங்குவது தடி கொடுக்கிற இழுவையையும் மீன் ஓடுகிற வேகத்தையும்தான். வீட்டில் ஒரு சுருள்வில் தராசில் லைனைக் கட்டி, நீளத் தடியை நன்றாக வளைத்து இழுத்துப் பாருங்கள். ஒன்றரைக் கிலோவைத் தொடுவதற்கே கை வலிக்கும். ஆறு பவுண்டு என்றால் 2.7 கிலோ, எட்டு என்றால் 3.6 கிலோ. சீரான இழுவையில் நல்ல லீடர் அறுவது அபூர்வம். மீன் திடீரென்று வெட்டி இழுத்தால் அறும், பாறையில் உரசின இடத்தில் அறும், முடிச்சில் அறும். லீடர் தேர்வு என்பது மீனின் எடையைப் பார்த்துச் செய்கிற காரியம் இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். தண்ணீரின் நிறம், வேகம், அடியில் கிடக்கும் கல், கையில் இருக்கும் தடி: பார்க்க வேண்டியவை இவை.

ஆறு பவுண்டை எடுத்துக்கொள்வோம். அதன் ஆதரவாளர்கள், மீன் கண்ணுக்கு லீடர் தெரியாது என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மெல்லிய தங்கூசி வளைந்து கொடுக்கும். இரையாகக் கட்டும் மீன்முட்டைப் பொதி அடிநீரோட்டத்தோடு இயல்பாகப் போகும். மேல்நீர் வேகமாகவும் அடிநீர் மெதுவாகவும் ஓடுகிற ஆற்றில், இரை மிதப்பின் இழுப்புக்கு ஓடாமல் அடிநீரின் போக்கில் போனால்தான் ஸ்டீல்ஹெட் வாயைத் திறக்கும். தடித்த லீடர் இதைக் கெடுக்கிறது. மழையில்லாத இலையுதிர்காலக் கடைசியில், கண்ணாடி மாதிரித் தெளிந்த குளிர்காலத் தண்ணீரில், ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் நிச்சயம் தெரியும்.

ஆனால் ஆறு பவுண்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு: பதின்மூன்று அடி மென்மையான மிதப்புத் தடி. அந்த நீளம்தான் மீனின் திடீர் வெட்டை வாங்கிக்கொள்கிறது. சென்டர்பின் என்ற, அச்சில் தாராளமாகச் சுழலும் ரீல் போடுகிறவர்களுக்குப் பிரேக் கிடையாது, உள்ளங்கைதான் தடை; பழகின கைக்கு அதைவிட நுணுக்கமான பிரேக் எதுவும் இல்லை. ஏழு எட்டு அடி சாதாரண ஸ்பின்னிங் தடியோடு வருகிறவர் ஆறு பவுண்டு கட்டினால், முதல் ஓட்டத்திலேயே மீன் கொக்கியோடு போய்விடும். குறுந்தடிக்காரர் தெளிந்த நீரிலும் எட்டிலேயே நிற்கட்டும்.

நாலு பவுண்டு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு மீன் கொஞ்சம் கூடக் கடிக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துப்போகும்; ஸ்டீல்ஹெட் அப்படி அல்ல, ஏரிக்குத் திரும்பி, இன்னொரு வருடமும் ஆறேற முடியும். நாலு பவுண்டில் அந்த மீனை இருபது நிமிடம் ஓடவிட்டு, தசையெல்லாம் லாக்டிக் அமிலம் ஏறி, நிமிர்ந்து நிற்க முடியாத நிலையில் விடுதலை செய்தால் அதை விடுதலை என்று சொல்ல முடியாது. உறைநிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரில் மீன் மந்தமாக ஓடும்; அப்போது ஆறு பவுண்டு நியாயமானது. மே மாதம் தண்ணீர் சூடேறி, முட்டையிட்டுக் களைத்த மீன்கள் ஏரிக்கு இறங்கும்போது மெல்லிய லீடர் கட்டுவது எனக்குச் சம்மதமில்லை.

எட்டு பவுண்டின் பலம், அது எதிலும் அதிகம் தோற்காது என்பது. தொடையளவு நீரில் நின்று குனிந்தால் பூட்ஸ் தெளிவாகத் தெரிகிறதா? ஆறு. முழங்காலளவில் தெரிந்து அதற்குமேல் மங்குகிறதா? எட்டு. முழங்காலளவிலேயே தெரியவில்லையா? தயங்காமல் பத்து. எட்டுக்கான அந்த நடுத்தரக் கலங்கல்தான் ஸ்டீல்ஹெட் ஆறேறும் நிறமும்கூட. அதனால் நல்ல நாட்களில் பெரும்பாலும் எட்டுதான் கையில் இருக்கும்.

ரொறன்ரோவின் ஹம்பர் ஆற்றிலும் கிரெடிட்டின் கீழ்ப்பகுதியிலும் அடியில் ஷேல் பாறை, அடுக்கடுக்காக விளிம்போடு. மீன் பக்கவாட்டில் ஓடி லீடரை அந்த விளிம்பில் இழுத்தால் ஆறு பவுண்டு தப்புவது அதிர்ஷ்டம். முகத்துவாரத்திலும் அலைதாங்கிக் கல்லிலும் கூரான ஓடுள்ள ஸீப்ரா மட்டி ஒட்டியிருக்கும். அங்கே எட்டையே நான் நம்ப மாட்டேன்.

பத்து, பன்னிரண்டு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பனி உருகி ஆறு வீங்கி ஓடும்போது, மரக்கட்டை சிக்கின மடுக்களில், இலையுதிர்காலத்தில் இருபது பவுண்டுச் சினூக் சால்மனும் கூடவே ஏறும்போது, அதைத்தான் கட்ட வேண்டும். அங்கே இயல்பான ஓட்டத்தைவிட மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவருவது முக்கியம்.

மேற்குக் கரையைப் பார்த்தால் இந்தக் கணக்கு முழுவதும் மாறுகிறது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஸ்கீனா, அதன் கிளையாறான கிஸ்பியொக்ஸ் பக்கம் ஃப்ளை (இறகும் நூலும் கட்டின செயற்கை இரை) போடுகிறவர்கள் பன்னிரண்டு, பதினைந்து பவுண்டு சாதாரணமாகக் கட்டுவார்கள். அங்கே மீன் பெரிது என்பது உண்மைதான். ஆனால் எனக்குப் பெரிய காரணமாகத் தெரிவது முறை: லைன் இறுகியிருக்க, ஃப்ளை ஆற்றுக்குக் குறுக்கே நீந்தி வரும். மீன் துரத்தி வந்து அடிக்கும். தளர்ச்சி எதுவும் இல்லாத லைனில் விழும் அந்த அடியை மெல்லிய லீடர் தாங்காது. ஓடுகிற ஃப்ளையைத் துரத்துகிற மீன் லீடரை ஆராய்ந்துகொண்டிருக்கவும் போவதில்லை. அந்த மாகாணத்தில் பிடிபடும் காட்டு ஸ்டீல்ஹெட் அத்தனையையும் திரும்ப விட வேண்டும் என்பது சட்டம், அதனால் சண்டையைச் சுருக்கமாக முடிப்பது அங்கே கடமை. ஒரே மீன்தான், முறை மாறினதும் லீடரின் பலம் இரண்டு மடங்காகிறது.

சரி, ஃப்ளோரோகார்பனா, நைலானா? ஜப்பானின் குரேஹா நிறுவனம் சீகார் என்ற பெயரில் 1971இல் ஃப்ளோரோகார்பன் லீடரைக் கொண்டுவந்தது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃப்ளோரோ சுமார் 1.42; நைலான் 1.5க்கு மேல். அதனால் ஃப்ளோரோ தண்ணீருக்குள் குறைவாகத் தெரியும். அடர்த்தி அதிகம், அதனால் அமிழும். தண்ணீரை உறிஞ்சாது, நனைந்தாலும் பலம் குறையாது. நைலான் நனைந்தால் கொஞ்சம் பலம் இழக்கும், ஆனால் நீண்டு கொடுத்து வெட்டைத் தாங்கும், முடிச்சும் நன்றாகப் பிடிக்கும். தெளிந்த நீரில் ஆறும் எட்டும் எனக்கு ஃப்ளோரோதான். பத்துக்கு மேல் நைலானே போதும். கலங்கின தண்ணீரில் ஒளிவிலகலுக்குக் காசு கொடுப்பானேன்? ஃப்ளோரோ வெயிலில்கூட எளிதில் சிதையாது. வெட்டிப்போடும் துண்டு ஒவ்வொன்றும் சட்டைப் பைக்குள் போக வேண்டும்.

வாங்கும்போது பவுண்டை மட்டும் பார்க்காமல் தடிமனையும் பாருங்கள். மாக்சிமா அல்ட்ராகிரீன் மாதிரியான நைலான் எண்ணுக்குத் தடித்தது, போட்டிருக்கிற எண்ணைவிடக் கூடவே தாங்கும் என்று பெயர் வாங்கினது. வேறொரு கம்பெனியின் எட்டு அதைவிட மெல்லியதாக இருக்கலாம். மில்லிமீட்டரை ஒப்பிட்டால்தான் நீங்கள் எதை எதோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது தெரியும். ஃப்ளைக்காரர்களின் எக்ஸ் கணக்கும் தடிமன்தான்: பதினொன்றிலிருந்து எக்ஸ் எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று வரும். 2எக்ஸ் என்றால் 0.009 அங்குலம், சுமார் 0.23 மில்லிமீட்டர்.

கொக்கியையும் லீடரோடு சேர்த்தே தேர்ந்தெடுங்கள். மெல்லிய கம்பிச் சிறு கொக்கியைப் பத்துப் பவுண்டில் கட்டி முழுப் பலத்தில் இழுத்தால் கொக்கிதான் நிமிரும். அப்புறம் முடிச்சு: இறுக்கும் முன் எச்சிலில் நனைக்க வேண்டும். உலர்ந்த ஃப்ளோரோ உரசலில் சூடாகி, பார்வைக்கு நன்றாக இருந்துகொண்டே பாதிப் பலத்தில் நிற்கும். ஈயத்தைப் பல்லால் கடித்து லீடரிலேயே நசுக்கினால் அங்கேயும் காயம். ஈயம் எல்லாம் மேலே மெயின் லைனில் இருக்கட்டும். ஒவ்வொரு மீனுக்கும், ஒவ்வொரு சிக்கலுக்கும் பிறகு கடைசி ஒரு அடியை விரல் நகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். சொரசொரப்பு தட்டினால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். காயம்பட்ட பத்தைவிடப் புதிதாகக் கட்டின ஆறு மேல்.