ரப்பர் அக்கா

மூன்று வார விடுமுறையில் பயிற்சி விட்டுப்போகக் கூடாதென்று, ஊருக்கு வந்த மறுநாளே ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். பயிற்சியாளர் தம்பி முதலில் குனியச் சொன்னார். முழங்கால் மடங்காமல் இரண்டு உள்ளங்கையும் தரையில் படிந்தன. அவ்வளவுதான். "டேய், இங்க வாங்கடா, அக்காவைப் பாருங்க!" ஒரு கூட்டமே சேர்ந்துவிட்டது. கட்டைவிரல் முன்கையைத் தொடுகிறதா, சுண்டுவிரல் எவ்வளவு பின்னால் போகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்ய வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் இதே வித்தையைக் காட்டிக் கைதட்டு வாங்கியவள் நான். குஷியாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

நான் வசிக்கும் இடத்தில் இதே வித்தைக்கு பெய்டன் அளவு என்று பெயர். மொத்தம் 9 புள்ளி. என் வயதில் 5 வந்தாலே மூட்டு அளவுக்கு மீறி நெகிழ்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். எனக்கு 8. என் பிசியோ கைதட்டவில்லை. "வளைந்தது போதும், இனி தசையைக் கூட்டு" என்றார்.

சரி, தம்பியிடம் வருவோம். டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கும்போது முழங்கை முழுசாக நீளும் முன்பே நிறுத்தினேன். "அரைகுறையா செய்யாதீங்கக்கா, ஃபுல்லா!" என்று அவரே முழங்கையைப் பிடித்து நீட்டிவிட்டார். என் முழங்கை நேர்க்கோட்டில் நிற்காது, அதையும் தாண்டிப் பின்னால் வளையும். அப்புறம் கனத்தைத் தாங்குவது தசை அல்ல, எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும், ஏற்கெனவே தளர்ந்த தசைநார்தான். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் தலைவார கை எழவில்லை.

போய்ச் சொன்னால் நேரெதிராகிவிட்டார். "அய்யோ, அப்போ வெயிட்டே வேண்டாம்க்கா, ஸ்ட்ரெட்ச்சிங் மட்டும் பண்ணுங்க." தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. டென்மார்க்கில் நெகிழ்ந்த தோள்காரர்கள் 100 பேரை வைத்து 16 வாரம் சோதித்து, லேசான பயிற்சி செய்தவர்களைவிடக் கனமான எடை தூக்கியவர்களுக்கே தோள் கூடுதலாகத் தேறியது என்று 2022இல் வெளியிட்டார்கள். தசைவலி அவர்களுக்குக் கொஞ்சம் அதிகம், அது வேறு. எடையைப் படிப்படியாக ஏற்ற வேண்டும், மூட்டை எல்லைவரை நீட்டிப் பூட்டக் கூடாது, மெதுவாக இறக்க வேண்டும். இதைச் சொல்லிப் புரியவைக்க அரைமணி நேரம்.

ஆனால் தோள் தேறிப் போனபோது தம்பி ஒரு காரியம் செய்தார். என் முழங்கைக்குப் பின்னால் விரலை நீட்டி, "இது படக்கூடாதுக்கா" என்றார். ஏழாவது முறை தூக்கும்போது, கை நேராகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருக்கையிலேயே விரல் பட்டது. மூட்டு எங்கே நிற்கிறது என்று எங்களைப் போல மூட்டு நெகிழ்ந்தவர்களுக்குச் சரியாக உறைப்பதில்லை.

"பூட்டிருச்சுக்கா" என்றார். ஆமாம், பூட்டியிருந்தது.