ஸ்பிட்ஃபயர் மார்க் 1: டமியாவா, எடுவார்டா, ஏர்ஃபிக்ஸா?

இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டிஷ் சண்டை விமானம் ஸ்பிட்ஃபயர். அதன் பிளாஸ்டிக் மாடல் கிட் வாங்கி வந்தால் எல்லோரும் முதலில் காக்பிட் பாகங்களைத் தேடுவார்கள். நான் இறக்கையைத்தான் எடுப்பேன். மேல்பாதிகள் இரண்டையும் கீழ்த்துண்டோடு டேப் போட்டுச் சேர்த்து, பசை இல்லாமல் உடலின் அடியில் பொருத்தி, விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்ப்பது வழக்கம். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் ஸ்பிட்ஃபயருக்கு ஒரு வளைந்த தகடு வரும். அடிப்பக்கத்தில் பின்விளிம்பு லேசாக மேலே வளைந்து போகும். அந்த வளைவில் எவ்வளவு வெளிச்சம் கசிகிறது என்று பார்த்தாலே, இந்தக் கிட் நம்மிடம் எத்தனை ராத்திரி கேட்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

1/48 அளவில் மார்க் 1, அதாவது ஸ்பிட்ஃபயரின் முதல் ரகம், வேண்டுமென்றால் பேச்சு மூன்று பெட்டிகளைச் சுற்றித்தான் வரும். ஜப்பானின் டமியா 2018இல் விட்டது, செக் நாட்டு எடுவார்ட் 2020இல் விட்டது, இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் இவற்றுக்குச் சில வருடம் முன்பே விட்டது. நிஜ விமானத்தின் இறக்கை நுனிக்கு நுனி 11.23 மீட்டர், 48ஆல் வகுத்தால் 23.4 செ.மீ. பள்ளிக்கூடத்து அடிஸ்கேலைவிடச் சின்னது. அலமாரித் தட்டில் அடங்கும், காக்பிட்டில் கண்ணுக்குத் தெரிகிற அளவு வேலையும் இருக்கும்.

முதலில் டமியா. வெளிச்சச் சோதனை இங்கே வீண்வேலை. கசிவதற்கு இடமே இல்லை. பாகங்கள் சேரும் கோடு முடிந்தவரை நிஜ விமானத்தில் தகடுகள் சேரும் கோட்டிலேயே விழும்படி அச்சைத் திட்டமிடுவது அவர்கள் கைப்பழக்கம். அதனால் ஒட்டின இடத்தைத் தேய்த்து மறைக்கும் வேலை பாதி குறைகிறது. அவர்களுடைய பச்சை மூடி எக்ஸ்ட்ரா தின் பசையைத் தூரிகை நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், தானாக உள்ளே ஓடிப் பிடித்துக்கொள்ளும். இடைவெளி அடைக்கும் புட்டி டப்பாவைத் திறக்காமலே பெயின்ட் வரைக்கும் போய்விடலாம். தகடுகள் சேருமிடத்தைக் காட்டும் பேனல் கோடுகள் மெல்லியவை, அடக்கமானவை. மேலே மூன்று கோட் பெயின்ட் பூசுகிறவர்கள் கவனமாக இருக்க வேண்டும், கோடு மூழ்கிவிடும்.

வாங்கும்போது பெட்டி எண்ணைப் பாருங்கள். புதியது 61119. டமியாவே 1993இல் ஒரு மார்க் 1 விட்டிருக்கிறது, அதன் எண் 61032. பெயரும் அதே, அளவும் அதே. பழைய இருப்பு மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டினால் கால் நூற்றாண்டு பழைய அச்சு வீட்டுக்கு வரும்.

எடுவார்ட் வேறு ஜாதி. உடல், இறக்கை எங்கும் வரிசை வரிசையாக ரிவெட், அதாவது தகட்டை இணைக்கும் ஆணிகளின் தடம். வெறும் பிளாஸ்டிக்கிலேயே அரைமணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். புரொஃபிபேக் பெட்டியில் வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடும் பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மறைக்கிற, வெட்டின மாஸ்க்கும் சேர்ந்தே வருகின்றன. டேஷ்போர்டு டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் உள்ளே முள் தெரியும். சீட் பெல்ட் ஒரு அரிசியின் அகலம்கூட இருக்காது. அதைத் தகட்டிலிருந்து பிளேடால் வெட்டி, இடுக்கியில் பிடித்து, சீட்டின் மேல்விளிம்பில் மடிக்க வேண்டும். மடிக்கிற இடத்தில் வண்ணம் உதிரும். அங்கே தூரிகை முனையால் மறுபடி ஒரு பொட்டு. இந்த வேலைக்கு முன் ஃபேனை அணைக்க வேண்டும். அணைக்காமல் உட்கார்ந்து, ஒரு பெல்ட்டின் கீழ்ப்பாதியை நான் தரையில் தேடிக்கொண்டிருந்தது தனிக்கதை. கிடைக்கவில்லை. அந்த விமானத்தில் காக்பிட் மூடியிருக்கிறது.

உலோகத் தகடு வேண்டாம் என்பவர்களுக்கு அதே அச்சில் வீக்எண்ட் பதிப்பு உண்டு. பிளாஸ்டிக் அதேதான், விலை குறைவு. பெயரை நம்பிச் சனி ஞாயிறில் முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாகங்கள் டமியாவைவிட அதிகம். ஒவ்வொன்றும் சரியான இடத்தில் சரியான கோணத்தில் உட்கார்ந்தால்தான் அடுத்தது உட்காரும்.

இதே கண்டிப்பு ஏர்ஃபிக்ஸிலும் உண்டு, ஆனால் பலர் அதை எதிர்பார்ப்பதில்லை. மலிவான கிட் என்றால் லொடலொடவென்று இருக்கும் என்பது பழைய நினைப்பு. இப்போதைய ஏர்ஃபிக்ஸில் துளையும் முளையும் அவ்வளவு நெருக்கம். பூசின பெயின்ட்டின் தடிமனே போதும், காக்பிட் சட்டம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொள்ளும். பிறகு உடலின் இரண்டு பாதியும் சேராது. உடல் சேராவிட்டால் இறக்கை சேராது. அப்புறம் கிட்டைத் திட்டிக்கொண்டு புட்டி அடைப்பார்கள். ஒட்டப்போகும் பரப்பில் பெயின்ட்டைப் பிளேடால் சுரண்டிவிட்டுச் சேர்த்துப் பாருங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். கோடுகள் டமியாவைவிட ஆழம்தான். கையால் தூரிகை பிடித்துப் பூசுகிறவருக்கு அது வரம்: பெயின்ட் அடியில் கோடு மூழ்காது. விமானத்தின் மேல் ஒட்டும் சின்னங்களும் எண்களுமான டீக்கலை அச்சிடுவது இத்தாலியின் கார்ட்டோகிராஃப். இந்தத் தொழிலில் அதற்குமேல் பெயர் கிடையாது.

2010களில் வந்த ஏர்ஃபிக்ஸ் பெட்டிகள் பலவற்றில் 'இந்தியாவில் தயாரித்தது' என்று போட்டிருக்கும். வைத்திருப்பவர்கள் பெட்டியின் பக்கவாட்டைத் திருப்பிப் பாருங்கள். இன்னொன்று, மெட்ராஸ் பிரசிடென்சி என்ற பெயரைத் தாங்கிய 264ஆவது ஸ்க்வாட்ரன் (பிரிட்டிஷ் விமானப்படைப் பிரிவு) ஓட்டிய டிஃபையன்ட் சண்டை விமானத்தையும் ஏர்ஃபிக்ஸ் கிட்டாக விட்டிருக்கிறது. ஸ்பிட்ஃபயருக்குப் பக்கத்தில் நிறுத்த நல்ல ஜோடி.

விலை கடைக்குக் கடை மாறும். பெரும்பாலும் வரிசை இதுதான்: ஏர்ஃபிக்ஸ் கீழே, டமியாவும் எடுவார்டின் புரொஃபிபேக்கும் மேலே. எடுவார்டோடு ஒப்பிடும்போது வெட்டின மாஸ்க், வண்ணம் அச்சிட்ட உலோகத் தகடு இரண்டையும் டமியாவுக்குத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள்.

பெயின்ட் கணக்கை யாரும் முன்கூட்டிப் போடுவதில்லை. ஏர்ஃபிக்ஸ் தாளில் ஹம்ப்ரால் கம்பெனி பெயின்ட் எண்தான் இருக்கும்: பழுப்புக்கு 29, பச்சைக்கு 30, அடிப்பக்கத்து ஸ்கை நிறத்துக்கு 90. டமியா தன் எக்ஸ்எஃப் பெயின்ட் எண்களைச் சொல்லும்: பச்சைக்கு 81, பழுப்புக்கு 52, ஸ்கைக்கு 21. எடுவார்ட், ஜப்பானின் குன்ஸே பெயின்ட் எண்களைத் தரும். உங்கள் ஊர்க் கடையில் எது கிடைக்கிறதோ அதற்கு மாற்று அட்டவணை தேடிக்கொள்ளுங்கள். லாக்கர் பெயின்ட் அடிப்பவர்கள் மழைநாளைத் தவிர்ப்பது நல்லது. ஈரக்காற்றில் மேற்பரப்பு பால் தெளித்ததுபோல் வெளுத்துவிடும்.

எந்த விமானத்தைச் செய்யப்போகிறோம் என்பதும் முடிவை மாற்றும். 1936 மார்ச் 5இல் முதன்முதலாகப் பறந்த ஸ்பிட்ஃபயர், 1938 ஆகஸ்டில் இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் 19ஆவது ஸ்க்வாட்ரனுக்கு வந்தது. அந்த ஆரம்ப விமானங்களுக்கு இரட்டை இதழ் மரப் புரொப்பெல்லர், தட்டையான கேனபி (காக்பிட்டின் கண்ணாடி மூடி). 1940 கோடையில் சண்டை போட்டவற்றுக்கு மூன்று இதழ், உப்பின கேனபி. பெட்டிப் படத்தில் எது இருக்கிறதோ அதற்கான பாகம்தான் உள்ளே நிச்சயம். 1940 ஜூனுக்கு முந்தைய விமானம் என்றால் அடிப்பக்கத்தில் ஒரு இறக்கை கறுப்பு, மறு இறக்கை வெள்ளை வரலாம். அந்த வெள்ளையை மூன்று மெல்லிய பூச்சில் ஏற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

எனக்குப் பிடித்தது எடுவார்ட். கேட்பவர்களுக்கு நான் சொல்வது டமியா. வாழ்க்கையில் ஒரே ஒரு ஸ்பிட்ஃபயர் செய்து மேசையில் வைக்க நினைப்பவருக்கு ரிவெட் எண்ணிக்கை முக்கியமில்லை, முடிப்பதுதான் முக்கியம். பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் இந்த மூன்றுமே வேண்டாம். ஏர்ஃபிக்ஸின் 1/72 ஸ்டார்டர் செட்டில் பசை, தூரிகை, குட்டிப் பெயின்ட் டப்பாக்கள் எல்லாம் உள்ளேயே வரும். இறக்கை 15.6 செ.மீ.தான். ஒட்டி முடித்த கையோடு அதைத் தூக்கிக்கொண்டு வீடு முழுக்க ஓடுவார்கள். முதலில் ஒடிவது ரேடியோ ஏரியல் கம்பம், அதை ஒட்டாமலே எடுத்து வைத்துவிடுங்கள்.